கோலப்பனின் அவசரம்

பகவதிப்பெருமாள் இந்த ஞாயிற்றுக்கிழமையும் சாகாமல் இருந்தாக வேண்டும். போன இருபது ஞாயிறுகளும் அப்படித்தான் இருந்து காட்டியிருந்தார். ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இதற்குக் காரணமல்ல. அவை இரண்டும் அறுபது வயது ஆளுக்கு எவ்வளவு இருக்கலாமோ அவ்வளவே இருந்தன. சாகக் கூடாதவன் கோலப்பன். திருவனந்தபுரம் பழவங்காடியில் ஒரு கடையின் மாடியில், பிற்பகல் மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை, பகவதிப்பெருமாளுக்குப் பெயர் கோலப்பன்.

கடை அபிலாஷ் என்பவனின் அப்பாவுடையது. கீழே பூஜைச் சாமான் வியாபாரம், மேலே ஊதுபத்திக் கட்டுகளை அடுக்கி வைத்த அறை. அறை நடுவில் ஒரு மேசை, நான்கு நாற்காலிகள். ஐந்தாவது நாற்காலியைப் போட்டால் கதவு திறக்காது. எதிரே பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்கிற சத்தம் சன்னல் வழியாக வந்துகொண்டே இருக்கும். முதல் வாரம் ஒவ்வொரு தேங்காய்க்கும் பகவதிப்பெருமாள் திடுக்கிட்டார். அபிலாஷ் சிரித்தான். அப்புறம் பழகிவிட்டது.

அங்கே அவர்கள் ஆடுகிற ஆட்டத்தில் உலகம் முடிந்துபோயிருந்தது. கடல் ஏறி வந்து கிழக்கேகோட்டையை விழுங்கியாயிற்று. மிஞ்சினவர்கள் பொன்முடிக்கு ஏறிக்கொண்டிருக்கிறார்கள். பொன்முடிப் பாதையில் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு ஒரு மாடன் உட்கார்ந்திருக்கிறான், வழிவிட வேண்டுமானால் ஏதாவது கேட்பான். ஒருவனுக்கு நம் நிழல் வேண்டும், இன்னொருவனுக்கு நம் பெயரிலிருந்து ஓர் எழுத்து. பின்னாலேயே கடலும், கடலுக்குள்ளிருந்து உப்புப் பேய்களும் ஏறி வருகின்றன. வாரத்துக்கு ஒரு வளைவு. ஒருவர் கதையை நடத்துவார். மற்ற மூவரும் கதைக்குள்ளே ஆட்களாக இருந்து தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். சொன்னது பலிக்குமா என்பதை இருபது முகமுள்ள பகடை முடிவு செய்யும். இப்படி ஓர் ஆட்டத்துக்காக வளர்ந்த மனிதர்கள் வாரம் தவறாமல் வந்து உட்காருவார்களா என்று கேட்டால், அபிலாஷின் சித்தப்பா மகன் ஹரிகுமார் என்கிறவன் இடம் கிடைக்காமல் ஐந்து மாதமாகக் காத்திருந்தான். யாராவது செத்தால்தான் அவனுக்கு இடம். விதி அப்படி: கதையில் செத்தவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும். திரும்ப வருவது அடுத்த கதைக்குத்தான், அதுவும் இடம் இருந்தால்.

கதையை நடத்துகிறவள் ஸ்ரீப்ரியா. ஆட்டம், மாடன்கள், விதிகள் எல்லாமே அவள் உண்டாக்கியவை. அவள் பகவதிப்பெருமாளின் மகள். அவள் முகத்தை அவர் பார்ப்பதற்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே இடம் அந்த நான்கு நாற்காலிகளில் ஒன்று.

அது எப்படி ஆயிற்று என்பதைச் சொல்லிவிடலாம், பெரிய கதை இல்லை. பகவதிப்பெருமாள் கடையநல்லூர்க்காரர். நில அளவைத் துறையில் தென்காசியிலும் சங்கரன்கோவிலிலுமாக வேலை. மனைவி முத்தாரம்மாள் திருவனந்தபுரம் கரமனையில் பிறந்தவள். அங்கேயே அரசுப் பள்ளியில் வேலை கிடைத்ததும் ஏழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். இவர் நாகர்கோவிலுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டால் வாரக் கடைசியிலாவது சேர்ந்திருக்கலாம் என்று பேச்சு. சண்டை இல்லை, சச்சரவு இல்லை, வக்கீல் இல்லை. மாற்றலுக்கு எழுதிப் போட்டாயிற்றா என்று முத்தாரம்மாள் போனில் கேட்பாள். "என்ன அவசரம்? பாத்துக்கிடலாம்" என்பார் பகவதிப்பெருமாள். மகளுக்குப் பள்ளி ஆண்டுவிழா என்றாலும் அதே பதில்தான், காய்ச்சல் என்றாலும் அதே பதில்தான். பதினெட்டு வருஷம் அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டார். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. கெட்டவராக இருப்பதற்கும் கொஞ்சம் சுறுசுறுப்பு வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் முத்தாரம்மாளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திங்கட்கிழமை மகள் போன் செய்தாள். வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றார். முத்தாரம்மாள் வியாழக்கிழமை இறந்துபோனாள். அதற்கப்புறம் ஸ்ரீப்ரியா அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். போனில் "நான்தான்" என்று ஆரம்பித்து, விஷயத்தைச் சொல்லி, வைத்துவிடுவாள்.

ஓய்வு பெற்ற மறுமாதம் அவர் ஒரு பையோடு திருவனந்தபுரத்துக்கு வந்து, கிள்ளிப்பாலத்தில் ஒரு லாட்ஜில் மாத வாடகைக்கு அறை எடுத்தார். மூன்று முறை கரமனை வீட்டுக்குப் போனார். மூன்று முறையும் சாயா கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை. மூன்றாம் முறை டம்ளரை எடுத்துப் போகும்போது ஸ்ரீப்ரியா சொன்னாள்:

"ஞாயிற்றுக்கிழமை மூணு மணிக்கு பழவங்காடியில ஒரு களி உண்டு, கதை சொல்லி ஆடுற ஆட்டம். ஆளுக்கு வேற பேரு வச்சுக்கணும். எங்க ஆளு ஒருத்தன் துபாய் போயிட்டான், அந்த இடம் இருக்கு. வேணும்னா அங்க வாங்க. வீட்டுக்கு வரண்டாம்."

வந்தார். கதைக்குள் உமக்கு என்ன பெயர் என்று கேட்டபோது கோலப்பன் என்றார். முன்பு அவர் அலுவலகத்தில் அளவுச் சங்கிலி இழுத்தவருடைய பெயர் அது, அதனால் சட்டென்று வாயில் வந்தது என்றார். உண்மையில் லாட்ஜில் ஒரு ராத்திரி முழுக்க யோசித்து வைத்த பெயர். ஸ்ரீப்ரியா அவரைக் கூப்பிட வேண்டுமானால் இனி கோலப்பா என்றுதான் கூப்பிட வேண்டும். அதில் ஓர் அப்பா வால்பக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தார். அவள் அதைக் கவனித்தாளா என்பது தெரியாது, ஆனால் கூப்பிட்டாள். வாரத்துக்கு ஏழெட்டு முறையாவது கூப்பிட்டாள். பகவதிப்பெருமாள் எண்ணுவார்.

அவர் அங்கே போன முதல் வாரமே ஒரு சிக்கல் வந்தது. ஆட்டத்துக்கான சீட்டுகள் எல்லாம் மலையாளத்தில் இருந்தன, அவருக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. அடுத்த வாரம் ஸ்ரீப்ரியா ஒரு பழைய சோன்பப்டி டப்பாவை அவர் முன்னால் வைத்தாள். உள்ளே எண்பது சீட்டுகள், எல்லாம் தமிழில், அவள் கையெழுத்தில். முதல் வகுப்பிலிருந்து மலையாளத்தில் படித்தவள் அவள். தமிழ் எழுத்தை அம்மாவிடம் கற்றுக்கொண்டதோடு சரி. ற வரவேண்டிய இடத்தில் ர வந்திருந்தது, ன வரவேண்டிய இடத்தில் ண வந்திருந்தது. ஒரு வாரத்தில் எண்பது சீட்டு என்றால் தினமும் வேலையிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறாள். பகவதிப்பெருமாள் சீட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணித் திரும்ப டப்பாவில் அடுக்கினார். எண்பதும் இருந்தன.

அன்று அவர் எடுத்த முதல் சீட்டிலேயே வினை வந்தது. 'பாறைமாடனுக்கு ஒரு சம்சாரம் வேண்டும்' என்று எழுதியிருந்தது. பகவதிப்பெருமாள் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "இதுக்கு நான் எங்க போவேன்? ரெண்டு சின்னப் பொண்ணுக உக்காந்திருக்கீங்க, இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது" என்றார். மூன்றாவது ஆட்டக்காரி ரெஷ்மா சீட்டை வாங்கிப் படித்துவிட்டு மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். ரெஷ்மா பாறசாலைக்காரி, மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், தேவாலயத்தில் இரண்டும்.

"மாமா, மாடனுக்குப் பெண்டாட்டி ஒண்ணும் வேண்டாம். மலையாளத்துல சம்சாரம்னா பேச்சு. அவனுக்கு ஒருத்தரு கூட கொஞ்சம் பேசணும், அவ்வளவுதான்."

அபிலாஷும் சிரித்தான். ஸ்ரீப்ரியா சிரிக்கவில்லை. சீட்டை வாங்கி, அந்தச் சொல்லை அடித்து, மேலே 'பேச்சு' என்று எழுதினாள். அவள் காது சிவந்திருந்தது. மற்றவர்கள் செய்கிற வேலையில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் டெக்னோபார்க்கில் அவளுக்கு உத்தியோகம். தன் தப்பை நாலுபேர் நடுவில் பார்ப்பது அவளுக்குப் பழக்கமில்லை. பகவதிப்பெருமாள் அன்றே ஒரு சபதம் எடுத்துக்கொண்டார்: இனி இந்தச் சீட்டுகளில் எது எழுதியிருந்தாலும் அர்த்தம் கேட்பதில்லை. அவருடைய வாழ்க்கையில் உடனே எடுத்த முடிவுகள் மிகவும் குறைவு. அதில் இதுவும் ஒன்று, தப்பான ஒன்று.

ஏனென்றால் டப்பாவின் அடியில் தனியாக ஒரு பெரிய சீட்டு இருந்தது. நீலத் தாள். 'அவசரம்' என்று தலைப்பு. கீழே: 'ஆளுக்கு ஒண்ணு. மேசையில வச்சா எல்லாரும் நிறுத்தணும். நீங்க யாருகிட்ட வேணுமோ அவங்ககிட்ட எது வேணுமோ பேசலாம், அவங்க கேக்கணும். இல்லைன்னா பகடையை இன்னொரு தடவை உருட்டலாம்.'

ரயிலில் அபாயச் சங்கிலி மாதிரி என்று புரிந்துகொண்டார் பகவதிப்பெருமாள். ஆபத்து வந்தால் இழுப்பதற்கு. சும்மா இழுத்தால் அபராதம் போடுவார்கள். சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில், மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். வாராவாரம் சட்டை மாறும், சீட்டு புதுச் சட்டைக்குப் போகும்.

மற்ற இரண்டு பேரிடமும் நீலச் சீட்டு இருந்தது. ஆனால் அவர்களுடையதில் மலையாள எழுத்து. அவர்கள் அதை மேசையில் போடும்போது "எனக்க சான்ஸ்!" என்பாள் ரெஷ்மா, "சான்ஸ்" என்பான் அபிலாஷ். போட்டுவிட்டு யாரிடமாவது கதைக்குள் ஏதாவது கேட்பார்கள். ரெஷ்மா ஒருமுறை ஸ்ரீப்ரியாவை மடக்கி, பன்னிரண்டாம் வளைவு மாடனுக்கு அம்மா உண்டா என்று கேட்டாள். இருந்தாள், இப்போது இல்லை என்றாள் ஸ்ரீப்ரியா. ஆட்டம் முடிந்ததும் சீட்டு அவரவரிடம் திரும்பிவிடும், அடுத்த வாரத்துக்கு. பகவதிப்பெருமாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களுக்குச் சான்ஸ் என்று ஒரு சீட்டு இருக்கிறது, தனக்கு அதைத் தரவில்லை, புதிதாக வந்தவனுக்கு எடுத்ததும் தருவார்களா என்று நினைத்துக்கொண்டார். அதிலும் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் அவருக்குப் பட்டது. இருபது வாரமாக ஆட்டத்தின் நடுவே ஸ்ரீப்ரியா அவர் பக்கம் திரும்பி, "கோலப்பா, உங்களுக்கு எதாவது உண்டா?" என்று கேட்பாள். அவரும் வாராவாரம் ஒரே பதிலைச் சொல்வார்:

"நான் காவல் இருக்கேம்மா."

கோலப்பன் காவல் இருந்தே இருபது வளைவு தாண்டினான். மற்றவர்கள் சண்டை போட்டார்கள், மாடன்களோடு பேரம் பேசினார்கள். கோலப்பன் தண்ணீர்க் குடத்தைச் சுமந்துகொண்டு ஓரமாக நின்றான். பகடை உருட்டாதவனுக்குச் சாவு கிடையாது. அதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

இருபத்தொன்றாம் ஞாயிறு. அபிலாஷின் ஆளும் ரெஷ்மாவின் ஆளும் காயத்தோடு இருபத்தொன்றாம் வளைவில் ஒரு பாறைக்கடியில் தூங்குகிறார்கள். கோலப்பன் காவல். மற்ற இருவரும் தூங்குவதால் வளைவுச் சீட்டை இந்த முறை எடுக்க வேண்டியவர் அவர்தான். பாறைமாடன் சீட்டுக்குப் பிறகு ஒரு புது விதி வந்திருந்தது: எடுத்தவர் தனக்குள் படித்துவிட்டு, என்ன செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். பகடை உருண்ட பிறகுதான் மற்றவர்களுக்குக் காட்டலாம்.

டப்பாவுக்குள் கைவிட்டு எடுத்தார். இரண்டே சொற்கள்.

'வெள்ளம் தீர்ந்தது.'

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். இருபத்தொரு வாரமாகத் துரத்திக்கொண்டு வந்த வெள்ளம். கடையநல்லூர்க்காரருக்கு வெள்ளம் என்றால் ஒரே அர்த்தம்தான், அதுவும் செய்தித்தாளில் வருகிற அர்த்தம். இந்த ஊர் ஓட்டலில் பையன் "வெள்ளம் வேணோ?" என்று கேட்டால் டம்ளரை நீட்டத் தெரியும். காதில் விழுந்தால் அது மலையாளம், தாளில் இருந்தால் தமிழ். இரண்டையும் அவர் ஒன்றாக முடிச்சுப் போட்டதில்லை. அர்த்தம் கேட்பதில்லை என்ற சபதம் வேறு இருந்தது.

அதோடு, இது அவள் கையெழுத்து. மகள் உட்கார்ந்து தமிழில் எழுதியிருக்கிறாள், வெள்ளம் தீர்ந்தது என்று. சீட்டைச் சீட்டாகப் பார்க்க அவரால் முடியவில்லை. தனக்கு வந்த கடுதாசி என்று நினைத்துவிட்டார். அவள் பக்கம் பார்த்தார். அவள் ஏதோ குறித்துக்கொண்டிருந்தாள். நெஞ்சு அடித்துக்கொண்டது, சந்தோஷத்தில்தான். அறுபது வயதில் அப்படி ஒரு சந்தோஷம் வந்தால் யாரும் கொஞ்சம் நிதானம் தவறத்தான் செய்வார்கள்.

"கோலப்பா, என்ன செய்றீங்க?"

"குடத்தைக் கவுத்திர்றேன்" என்றார் பகவதிப்பெருமாள்.

அபிலாஷ் நிமிர்ந்தான். "அங்கிள்?"

"கனம் எதுக்கு? குடத்தைக் கவுத்திட்டு, கீழ ஓடுதேன். இவங்களை எழுப்பக்கூட நேரமில்ல. நேரா கரமனைக்கு. வீடு எப்படிக் கெடக்குன்னு பாக்கணும்."

இத்தனை நீளமாக அவர் அந்த மேசையில் பேசியதில்லை. ஸ்ரீப்ரியாவின் பேனா நின்றது.

"முழுக் குடமும்?" என்று கேட்டாள்.

"முழுக் குடமும்."

"உறப்பா?"

"உறுதியாத்தான் சொல்றேன்."

அவள் கதையை நடத்துகிறவள். யாருக்கும் குறிப்புக் கொடுக்கக் கூடாது என்பது அவளே போட்ட விதி. மெதுவாகத்தான் சொன்னாள். கோலப்பன் குடத்தைக் கவிழ்க்கிறான். மண் குடித்துவிடுகிறது. கோலப்பன் ஓடுகிறான், இருபது, பத்தொன்பது, பதினெட்டு. பதினேழாம் வளைவில் கடல் நிற்கிறது, அங்கேயேதான் நிற்கிறது. உப்புப் பேய்கள் அவனைப் பார்த்துவிட்டன. பதினைந்துக்கு மேல் விழுந்தால் தப்பலாம்.

பகவதிப்பெருமாள் பகடையை உருட்டினார். நான்கு விழுந்தது. வெளியே யாரோ பெரிய நேர்த்திக்கடன்காரர் போல. தேங்காய்கள் வரிசையாக உடைந்துகொண்டிருந்தன.

ரெஷ்மா சீட்டைப் பிடுங்கிப் படித்தாள். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

"மாமா... வெள்ளம்னா வெள்ளமில்ல. வெள்ளம். குடிக்கிற தண்ணி. மலையில இனி தண்ணி இல்ல, குடத்துல உள்ளதுதான் மிச்சம்னு அர்த்தம்."

அதையும் அவர்தான் கவிழ்த்துவிட்டார்.

ஸ்ரீப்ரியாவின் காது மறுபடி சிவந்தது. "சீட்டு என்னோட தப்பு" என்றாள். "திரும்ப எடுக்கலாம். இது கணக்குல இல்ல."

இருபத்தொரு வாரம் அவர் காப்பாற்றி வைத்த நாற்காலி திரும்பக் கிடைத்துவிட்டது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சீட்டை மறுபடி அடித்து மேலே எழுதுகிற அந்தப் பேனாவை அவரால் இன்னொரு தரம் பார்க்க முடியாது.

"சீட்டுல ஒரு தப்பும் இல்ல" என்றார். "நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அறுபது வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

"பின்னே அவசரம் எடுங்க மாமா!" என்றாள் ரெஷ்மா. "அதுக்குத்தானே அது இருக்கு. பகடை இன்னொருக்கா உருட்டலாம்."

அவர் சட்டைப் பையிலிருந்து நீலத் தாளை எடுத்தார். இருபது வாரம் மடித்திருந்ததில் மடிப்புகள் வெளுத்து, ஒரு மூலை கிழிந்திருந்தது.

"ஆபத்துக்குன்னு வச்சிருந்தேன்."

"ஆபத்துக்கா?" ரெஷ்மா அவரையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "மாமா, இது ஆபத்துக்கு இல்ல. அவசரம்னா மலையாளத்துல சான்ஸ். எங்க கையில இருக்கிற அதே சீட்டுதான் இது. எல்லா ஞாயிறும் ஒண்ணு உண்டு. நீங்க இத்தனை நாளா..."

முடிக்காமல் விட்டாள். நல்ல பெண்.

பகவதிப்பெருமாள் தாளைப் பார்த்தார். நீங்க யாருகிட்ட வேணுமோ அவங்ககிட்ட எது வேணுமோ பேசலாம், அவங்க கேக்கணும். வாராவாரம் ஒன்று. இருபது ஞாயிறு. ஒவ்வொரு முறையும் அவள் திரும்பிப் பார்த்துக் கேட்டிருக்கிறாள், உங்களுக்கு எதாவது உண்டா என்று. அவர் காவல் இருந்திருக்கிறார்.

"நீங்க வேண்டாம்னு வச்சிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள் ஸ்ரீப்ரியா. மேசையைப் பார்த்துச் சொன்னாள். "சும்மா வந்து இருந்துட்டுப் போனா மதி, அது போதும்னு நெனச்சிட்டீங்கன்னு."

பகவதிப்பெருமாளுக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. ஒரு சொல்லின் மேல் பழியைப் போட்டுவிடலாம், அது சுலபம். ஆனால் நாகர்கோவில் மாற்றலுக்கு எழுதாமல் இருந்தது எந்தச் சொல்லைத் தப்பாகப் படித்து?

நீலத் தாளை விரித்து மேசையின் நடுவில் வைத்தார். அபிலாஷ் பகடையை அவர் பக்கம் தள்ளினான். அவர் அதைத் தொடவில்லை.

"பகடை வேண்டாம்" என்றார். "ரெண்டுல ஒண்ணுதான்னு போட்டிருக்கு. நான் பேசிக்கிடுதேன்."

"அங்கிள், பேசினா கோலப்பன் போயிடுவான்" என்றான் அபிலாஷ். "நாற்காலி..."

"போகட்டும்."

ஸ்ரீப்ரியா பேனாவை மூடி வைத்தாள். விதிப்படி கேட்க வேண்டும். கேட்டாள்.

"கோலப்பன் பேசல, நான்தான் பேசுதேன்" என்றார் அவர். "அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப நீ திங்கக்கிழமை போன் பண்ணினே. வெள்ளிக்கிழமை வாறேன்னேன். லீவு இல்லாம இல்ல. பஸ்ஸு இல்லாம இல்ல. அவ மூஞ்சியப் பாக்க எனக்குப் பயம். இத்தனை வருசம் வராதவன் இப்ப எதுக்கு வந்தேன்னு கேட்டுருவாளோன்னு பயம். அதான் நாலு நாளு தள்ளிப் போட்டேன். மாத்தலுக்கும் நான் எழுதவே இல்ல. எழுதினேன், கெடைக்கலைன்னு உங்கிட்டச் சொன்னது பொய். வந்திருக்கணும். வரல. அவ்வளவுதான் எனக்குச் சொல்ல இருக்கு."

அபிலாஷ் மேசைக்கடியில் மெதுவாகக் கைபேசியை எடுத்து, இடத்துக்குக் காத்திருந்த ஹரிகுமாருக்குச் செய்தி அனுப்பப் பார்த்தான். ரெஷ்மா அவன் காலை மிதித்தாள்.

ஸ்ரீப்ரியா கோலப்பனுடைய தாளை எடுத்தாள். ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு தாள் உண்டு. பெயர், தொழில், எத்தனை வளைவு தாண்டினான் என்பதெல்லாம் அதில் இருக்கும். கடைசி வரியில் 'பதினேழாம் வளைவு' என்று எழுதினாள். கீழே ஒரு கோடு இழுத்தாள். கோடு இழுத்தால் ஆள் செத்தாயிற்று. கோணாமல்தான் இழுத்தாள், ஆனால் இழுத்து முடித்த பிறகும் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் நிறைந்திருந்ததை மூவரும் பார்த்தார்கள், மூவரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

பகவதிப்பெருமாள் எழுந்தார். செத்தவர் எழுந்துவிட வேண்டும். கண்ணாடியைக் கூட்டில் போட்டார். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த குடையை எடுத்தார். கோலப்பன் போய்விட்டான், இனி அவரைக் கூப்பிட அவளிடம் ஒரு பெயரும் இல்லை. கதவு வரை நான்கு எட்டு. மூன்றாவது எட்டு வைக்கும்போது பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"என்ன அவசரம்?"

பதினெட்டு வருஷம் அவர் போனில் சொன்னதே திரும்பி வந்தது, அச்சு மாறாமல். அவர் அதற்கு என்ன பதில் சொல்வார்? முன்பென்றால் ஏதோ ஓர் அர்த்தத்தைத் தானே வைத்துக்கொண்டு, குடையைத் தட்டிக்கொண்டு இறங்கிப் போயிருப்பார். சபதத்தை உடைத்தார். திரும்பி நின்று கேட்டார்.

"நீ சொல்றது எந்த அவசரம்மா? தமிழா, மலையாளமா?"

ஸ்ரீப்ரியா கொஞ்சம் யோசித்தாள். தப்பில்லாமல் சொல்ல வேண்டும் என்று யோசித்த மாதிரி இருந்தது.

"தமிழ்ல அவசரம் இல்ல" என்றாள். "மலையாளத்துல உண்டு. இரிங்க."

பகவதிப்பெருமாள் குடையை மறுபடி சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.